எச்சில் இலை எடுப்பது யார்?



விருந்து நடந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். பந்தலிலே தோரணம், வாசலிலே வாழை, வருவோர்க்குச் சந்தனம், வாய்க்கு வெற்றிலை. பரிமாற ஆயிரம் கை நீளும். "பாயசம் இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சக்கூட ஆள் இருக்கும். பந்தி முடிந்ததும் பாருங்கள், பந்தலிலே யாரும் இருக்கமாட்டார்கள்! கிடப்பது எச்சில் இலை. அதை எடுப்பது யார்? எடுத்ததை எந்த வழியாகக் கொண்டுபோவது? எவர் வீட்டுப் பின்புறத்தில் கொட்டுவது?

அணுயுகம் என்பதும் ஒரு விருந்துதான், தோழர்களே. அணுவைப் பிளந்த அறிஞர்க்குப் பரிசு கிடைத்தது. அணுகுண்டைச் செய்த வல்லரசுக்கு மிரட்டும் வலிமை கிடைத்தது. தாது தோண்டியவனுக்குப் பணமூட்டை கிடைத்தது. அந்த விருந்தின் எச்சில் இலையை எடுத்தது யார் தெரியுமா? புகைவண்டி! நம் ஊரில் உப்பும் உரமும் நிலக்கரியும் ஏற்றிச் செல்கிறதே, அதே இனத்தைச் சேர்ந்த சாதாரணச் சரக்கு ரயில். அந்த ரயிலின் கதையைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானி அல்லன்; நாடகம் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கதையிலே நான் கற்பனையாக ஒரு காட்சியும் சேர்க்கவேண்டிய தேவையில்லை. வரலாறே எனக்கு வேலை வைக்காமல் எழுதிவிட்டிருக்கிறது.

முதற் காட்சி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். சின்சினாட்டி நகருக்கு அருகே ஃபெர்னால்டு என்னும் கிராமப்புறம். சோளக்கொல்லை, பால்மாடு, அமைதியான குடியானவர்கள். 1951-ல் அங்கே ஒரு தொழிற்சாலை எழுப்பத் தொடங்கினார்கள். வாசலிலே பலகை மாட்டினார்கள். பெயர் என்ன தெரியுமா? 'தீவனப் பொருள் உற்பத்தி நிலையம்'! யாருக்குத் தீவனம்? அணுகுண்டுத் தொழிலுக்குத் தீவனம்! யுரேனிய உலோகத்தை உருக்கி, வார்த்து, உலைகளுக்கு அனுப்பும் ஆலை அது. அக்கம்பக்கத்துக் குடியானவனோ மாட்டுத் தீவனம் என்று எண்ணிக்கொண்டான். எண்ணாமல் என்ன செய்வான்? ஆலையின் தண்ணீர்த் தொட்டிக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். அந்நாட்டின் புகழ்பெற்ற கால்நடைத் தீவனக் கம்பெனி ஒன்றின் அடையாளமும் அதே கட்டந்தான்!

பொய் சொன்னார்களா? இல்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவே. பொய் சொல்கிறவனை எதிர்த்துப் பேசலாம். பேசாமலே இருந்துவிடுகிறவனை எங்கே போய்ப் பிடிப்பது?

1989 வரை அந்த ஆலை ஓடிற்று. 50 கோடி பவுண்டு யுரேனிய உலோகம் அங்கிருந்து வெளியேறிற்று. வெளியேறாதது எது? கழிவு! ஆறு பெருங் குழிகளை வெட்டி, சேறும் கசடுமாக அதிலே கொட்டினார்கள். மழை பெய்தது. மழை யாரைக் கேட்டு மண்ணுக்குள் இறங்கும்? குழியை நனைத்த நீர் நிலத்தடி ஊற்றிலே கலந்தது. ஆலைக்கு வெளியே இருந்த கிணறுகளில் யுரேனியம் கண்டுபிடிக்கப்பட்டது. தெரிந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்; குடித்தவர்கள் குடித்துக்கொண்டேயிருந்தார்கள்! 1984-ல் தூசு வடிகட்டி பழுதாகி யுரேனியத் தூசு வெளியேறிய செய்தி கசிந்தபோதுதான், கிணற்றுக் கதையும் மெல்ல மெல்ல மேலே வந்தது.

பெண்கள் எழுந்தார்கள், தோழர்களே! சமையற்கட்டிலே அந்தத் தண்ணீரை மொண்டு குழந்தைக்குக் கொடுத்த தாய்மார்கள் எழுந்தார்கள். சங்கம் அமைத்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 1989-ல் 7 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டனர். கொடுத்தது யார்? ஆலையை நடத்திய கம்பெனியா? இல்லை, மத்திய அரசு! ஒப்பந்தம் அப்படி. இலாபம் வந்தால் கம்பெனி வீட்டு வாசற்படி ஏறும். நட்டம் வந்தால் மக்களின் வரிப்பணம் படி இறங்கும். இந்தக் கணக்கை நமக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, கழிவை என்ன செய்வது? 'அத்தனையும் அள்ளிக்கொண்டு போ! ஒரு பிடி மண்கூட எங்கள் ஊரில் இருக்கலாகாது!' என்றுதான் முதலில் ஊரார் முழங்கினர். நியாயந்தானே? நானாக இருந்தாலும் அப்படித்தான் முழங்கியிருப்பேன். 1993-ல் ஊர்மக்கள் அடங்கிய குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்தக் குழுவினர்க்கு நிலத்தின் வரைபடத்தை மேசையிலே விரித்து, சூதாட்டக் காய்களைப் போன்ற வில்லைகளைக் கையிலே கொடுத்தார்கள். வில்லை ஒவ்வொன்றும் இத்தனை கன அளவு கழிவு. எங்கே வைப்பீர்கள்? எவ்வளவை ஊரிலேயே வைப்பீர்கள்? எவ்வளவை வெளியே அனுப்புவீர்கள்? அனுப்பினால் எங்கே அனுப்புவீர்கள்? செலவு எவ்வளவு? வைத்துக் காட்டுங்கள் என்றார்கள்.

அந்தக் காட்சியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். குடியானவனும் ஆசிரியையும் தொழிலாளியும் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். கையிலே வில்லை. எல்லாவற்றையும் மேற்கே தள்ளிவிடலாம். ஆனால் மேற்கேயும் மனிதர் இருக்கிறாரே! வழியெங்கும் ஊர் இருக்கிறதே! கடைசியில் அவர்கள் 1995-ல் வந்த முடிவு இதுதான். கன அளவில் பெரும்பகுதியாய் இருந்த, நஞ்சு குறைந்த மண்ணும் இடிபாடும் ஊரிலேயே, பாதுகாப்பான அறை கட்டி அடைக்கப்படட்டும். அளவில் சிறிதாயினும் வீரியம் மிகுந்த கழிவு வெளியேறட்டும். தம் வாசலில் பெரும்பங்கைத் தாமே ஏற்றுக்கொண்ட ஊர் அது! வல்லரசின் தலைநகரிலே காணக் கிடைக்காத நாணயம், சோளக்கொல்லை ஓரத்துக் கூட்டத்திலே கிடைத்தது.

வெளியேற வேண்டியதை ஏற்றிக்கொண்டு போகத்தான் புகைவண்டி வந்தது. குழியிலிருந்து அள்ளிய சேற்றைச் சூளையிலிட்டு உலர்த்தினார்கள். ஈரத்தோடு அனுப்பினால் வழியெல்லாம் ஒழுகும், கனமும் கூடும். பிறகு சோதனை செய்து, உறை விரித்த வேகன்களில் கொட்டி, மூடி போட்டு அடைத்தார்கள். ஒரு ரயிலுக்குச் சுமார் 60 வேகன். 1999-ல் முதல் ரயில் கிளம்பிற்று. நாட்டின் பாதியைக் கடந்து, யூட்டா மாநிலப் பாலைவெளியிலே கிளைவ் என்னும் இடத்துப் புதைகுழி வரை ஓடிற்று. அடுத்த சில ஆண்டுகளில் 150-க்கும் மேற்பட்ட ரயில்கள், 9,000-க்கும் மேற்பட்ட வேகன்கள்!

'ரயில் எதற்கு? லாரி இல்லையா?' என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம், வாருங்கள். வேகனுக்கு 100 டன், லாரிக்கு 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரயில் இழுப்பதை 300 லாரிகள் இழுக்கவேண்டும். 150 ரயில் என்றால் 45,000 லாரி நடை! ஒவ்வொரு லாரிக்கும் ஓர் ஓட்டுநர், ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஒரு தூக்கம், ஒவ்வொரு தூக்கத்துக்கும் ஒரு பள்ளம்! பள்ளிக்கூடத்து வாசல் வழியாக, சந்தைத் தெரு வழியாக, 45,000 முறை அந்தச் சுமை போவதை எந்தத் தாய் பொறுப்பாள்? இருப்புப்பாதை தன் வழியிலே தானாகப் போகும். குறுக்குத் தெருவில் திரும்பாது. முந்திச் செல்ல ஆசைப்படாது. அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ரயிலும் தடம் புரளும். ஆனால் 45,000 வாய்ப்புக்கும் 150 வாய்ப்புக்கும் வேறுபாடு உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எரிந்து முடிந்த அணு எரிபொருளை ரயிலில் அனுப்பினால் மோதலில் கலம் உடையாதா என்று இங்கிலாந்து மக்கள் கேட்டார்கள். 1984 ஜூலை 17 அன்று ஓல்ட் டால்பி என்னும் இடத்திலே, தண்டவாளத்தின் குறுக்கே ஒரு கலத்தைப் படுக்கவைத்து, ஆளில்லாத ரயில் ஒன்றை மணிக்கு 100 மைல் வேகத்தில் விட்டு மோதவைத்தார்கள். பார்வையாளர் வரிசை, படமெடுக்கும் கருவி, தொலைக்காட்சி, எல்லாம் உண்டு! எஞ்சின் நொறுங்கிற்று, கலம் தாங்கிற்று. நானும் நாடகக்காரன், இவ்வளவு செலவிலே ஒரு காட்சியை அரங்கேற்ற எந்த முதலாளியும் எனக்கு இடம் தந்ததில்லை! கேலிதான், ஆனாலும் ஒன்றைப் பாராட்டுகிறேன். மக்கள் கேட்டார்கள், ஆள்வோர் செய்து காட்டினார்கள். 'எங்களை நம்பு' என்று சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை.

பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு விபத்தை அறிவீர்கள். 1979 மார்ச் 28. உலையின் உள்ளகம் பாதி உருகிப் போயிற்று. அந்த உருகிய எச்சத்தை அள்ளிக் கலங்களில் அடைத்து, 1986 முதல் 1990 வரை 22 ரயில் பயணங்களில் ஐடஹோ மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியிலிருந்த நகரத்தார் சிலர் கோபித்தனர். கோபத்தில் நியாயம் இருந்தது. விபத்து நடந்தது ஓரிடம், சுமை இறங்கியது வேறிடம், நடுவிலே இருந்தவனைக் கேட்டவர் யார்?

இனி, பெருங்கதைக்கு வருகிறேன். யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். விவிலியத்திலே வரும் பெயர். சுமார் 5,000 மக்கள். செக்கச் செவேலென்ற மலைகள், கல்லாலான இயற்கை வளைவுகள், காலடியிலே கொலராடோ ஆறு.

சார்லஸ் ஸ்டீன் என்ற ஓர் ஏழை நிலவியலாளர் 1952-ல் அவ்வட்டாரத்திலே யுரேனியத் தாது கண்டுபிடித்தார். மனைவி மக்களைக் குடிசையிலே வைத்துவிட்டுக் கடனுக்குத் துளைக் கருவி வாங்கித் தோண்டியவர் அவர். கதிர்வீச்சை அளக்கும் கருவிகூட அவரிடம் இல்லை! தோண்டி எடுத்த கரும்பாறையின் மதிப்பு அவருக்கே முதலில் தெரியவில்லை. தெரிந்த மறுநாள் முதல் குபேரன்! குன்றின்மேல் மாளிகை கட்டினார். 1956-ல் ஆற்றங்கரையிலே தாது அரைக்கும் ஆலை எழுந்தது. 1962-ல் அதை அட்லஸ் கம்பெனிக்கு விற்றார். 1968-க்குள் ஸ்டீன் கையிலிருந்த செல்வமெல்லாம் கரைந்து திவாலானார். அவர் தேடிய செல்வம் போயிற்று; அவர் ஆலை போட்ட குப்பை போகவில்லை!

ஒரு டன் தாதுவை அரைத்தால் சில பவுண்டு யுரேனியந்தான் கிடைக்கும். மிச்சமெல்லாம் மணற்சேறு. யுரேனியத்தை எடுத்துவிட்டால் நஞ்சு போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை, தோழர்களே! தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதில் ரேடியம் இருக்கிறது; அது பாதியாகத் தேய 1,600 ஆண்டு. அதைப் பெற்றெடுக்கும் தோரியம் இருக்கிறது. அது பாதியாகத் தேய 75,000 ஆண்டு! ரேடியத்திலிருந்து ராடான் என்னும் வாயு ஓயாமல் பிறந்து காற்றிலே கலக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் நுழையும்.

இந்தச் சேற்றை எங்கே கொட்டினார்கள்? ஆற்றங்கரையிலே! அடியிலே ஒரு விரிப்புக்கூடப் போடவில்லை. 130 ஏக்கர் பரப்பு. 1 கோடியே 60 லட்சம் டன். ஆற்றுக்கும் மேட்டுக்கும் இடையே சில நூறு அடி. 1984-ல் ஆலை நின்றது. மேட்டிலிருந்து அமோனியாவும் யுரேனியமும் நிலத்தடி நீர் வழியாக ஆற்றுக்குச் சென்றன. மீன்குஞ்சு பிழைக்க முடியாத நீராயிற்று கரையோரம். 1998-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. விருந்துண்டவன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான்!

'அங்கேயே மூடிவிடலாம், மேலே மண்ணும் கல்லும் போட்டால் போதும்' என்பதற்கு 1999-ல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே இசைவு தெரிவித்தது. மோவாப் மக்கள் வேண்டாமென்றனர். 5,000 பேரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? ஆனால் அந்த ஆறு மோவாப்போடு நின்றுவிடுகிறதா? கீழே ஓடுகிறது, நெவாடா, அரிசோனா, கலிபோர்னியா என்று கோடிக்கணக்கான மக்களின் குடிநீர் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துக்குத் தண்ணீர் தரும் வாரியமும் எதிர்த்துக் குரல் கொடுத்தது. பெரிய நகரத்துக் குழாய்க்கு ஆபத்து என்றதும் தலைநகரத்துக் காதுகள் திறந்துகொண்டன! சட்டம் இயற்றி, 2001-ல் அந்த மேட்டை மத்திய எரிசக்தித் துறையின் பொறுப்பிலே ஒப்படைத்தார்கள்.

எங்கே கொண்டுபோவது? பல இடங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் ஒன்று வைட் மேசா. அதன் அருகிலே யூட் பழங்குடி மக்களின் குடியிருப்பு. அவர்கள் எதிர்த்தனர். வலியவன் குப்பையை எளியவன் குடிசையருகே இறக்கும் பழைய வழக்கம் இம்முறை நடைபெறவில்லை. 2005-ல் முடிவாயிற்று. வடக்கே 30 மைல் தொலைவில் கிரெசென்ட் ஜங்ஷன். குடியிருப்பு மிகக் குறைவு. அடியிலே ஆயிரக்கணக்கான அடி தடித்த களிப்பாறை. ஆறு எட்டாத தூரம். நல்ல இடம், ஒப்புக்கொள்கிறேன். கொண்டுபோகும் வழி, இருப்புப்பாதை!

அந்தப் பாதையும் முன்பே இருந்ததுதான். 1960-களில் பொட்டாஷ் சுரங்கத்துக்காகப் போட்ட கிளைப்பாதை, கழிவு மேட்டுக்கு மேலே மலைச்சரிவோரமாகச் செல்கிறது. மண்ணை வளப்படுத்தும் உரத்தை ஏற்றிய அதே தண்டவாளம், மண்ணைக் கெடுத்த நஞ்சை அகற்ற உதவிற்று! 2009 ஏப்ரலில் வேலை தொடங்கிற்று. மேட்டை வெட்டி, கிளறி உலர்த்தி, மூடியுள்ள இரும்புக் கண்டெய்னரில் நிரப்பி, வெளிப்புறம் கழுவி, பெரிய வண்டிகளில் சரிவேற்றி, பளுதூக்கியால் ரயிலிலே வைப்பார்கள். வேகனுக்கு 4 கண்டெய்னர். ரயிலுக்கு 144 வரை. அங்கே இறக்கி, கொட்டி, அடுக்கடுக்காய் அழுத்தி, மேலே மூடுவார்கள். வெறும் கண்டெய்னர் திரும்பி வரும். மறுநாளும் அதே. ஆண்டுக்கணக்கில் அதே! லாரியில் போயிருந்தால் 20 டன் கணக்கில் 8 லட்சம் நடை. அதுவும் உலகெங்கிருந்தும் சுற்றுலாக் கூட்டம் வரும் ஒற்றை நெடுஞ்சாலையிலே!

அந்த ரயிலை இழுத்தது டீசல் மட்டும் என்று நினைக்காதீர்கள். தலைநகரத்து நிதிதான் அதன் உண்மையான எஞ்சின். 2009-ல் பொருளாதார மீட்சிக்கென ஒதுக்கிய பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் வந்தது; ரயில் வேகமெடுத்தது, வேலையாட்கள் பெருகினர். பணம் தீர்ந்தது, ரயில் தளர்ந்தது. 2019-க்குள் முடிக்கவேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதிய கையே பணத்தை அளந்து அளந்து கொடுத்தது! 2019 வந்தது, போயிற்று. மேடு முழுதும் போகவில்லை. 2024-ல்தான் அகற்றிய அளவு 1 கோடியே 40 லட்சம் டன்னைத் தாண்டிற்று. 28 ஆண்டு கொட்டிய குப்பை. அள்ளுவதற்கு 15 ஆண்டும் போதவில்லை.

புதிய புதைகுழியும் எத்தனை காலத்துக்கு? சட்டம் கேட்பது 1,000 ஆண்டு. முடியாவிட்டால் குறைந்தது 200 ஆண்டு. தோரியம் கேட்பதோ 75,000 ஆண்டு, அதுவும் பாதியாகத் தேய்வதற்கு! மனிதனின் சட்டம் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது பார்த்தீர்களா?

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. கல்பாக்கத்தின் முதல் உலை 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கிற்று. கூடங்குளத்து முதல் உலை 2013-ல் மின்சாரம் தந்தது. உலைக்கும் முதுமை உண்டு; ஒரு நாள் அவையும் ஓயும். நான் உலையே வேண்டாமென்று இந்த மேடையில் பேச வரவில்லை. மின்விளக்கின் கீழே நின்றுகொண்டுதான் பேசுகிறேன். விருந்து நடக்கும்போதே, எச்சில் இலை எங்கே போகும், எந்த வழியாகப் போகும், செலவு யாருடையது, எழுதிக் காட்டு என்று கேட்கிறேன்.

யாரைக் கேட்பது? அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அணுசக்தி, மத்தியப் பட்டியல், 6-ஆம் இனம். ரயில், மத்தியப் பட்டியல், 22-ஆம் இனம். உலையும் அவர்கள் கையில், கழிவை ஏற்றும் வண்டியும் அவர்கள் கையில். பொதுச் சுகாதாரம் எங்கே இருக்கிறது? மாநிலப் பட்டியல், 6-ஆம் இனம்! கிணறு கெட்டால் கேட்கவேண்டியவர் நாம். கிணறு கெடாமல் காக்கும் அதிகாரம் அங்கே! ஃபெர்னால்டிலே குடியானவன் கையில் வில்லையைக் கொடுத்து 'நீ வைத்துக் காட்டு' என்றார்களே, அந்த ஒரு வில்லை நம் மாநிலத்தின் கையில் உண்டா? மீனவக் குப்பத்துப் பெண்ணின் கையில் உண்டா?

தலைவர் மணியடித்துவிட்டார். பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அதையும் தாண்டிப் பேசிவிட்டேன். அடுத்துப் பேசவிருக்கும் தோழர், மாநில உரிமை பற்றிச் சட்ட நுணுக்கத்தோடு விளக்க இருக்கிறார். நான் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்குவார்.